பதினாலாவது ஸ்டாப்

பேச்சு மொத்தமும் போன மனுஷனுக்கு ஒரே ஒரு வார்த்தை மிஞ்சினால் அது என்ன வார்த்தையாக இருக்கும்? சிலருக்கு அம்மா என்பது மிஞ்சுமாம், சிலருக்குக் கடவுள் பேர், சிலருக்கு அசல் கெட்ட வார்த்தை ஒன்று. டாக்டர்தான் சொன்னார். இந்த வீட்டுக்காரர் பஸ் டிரைவர், அவருக்கு மிஞ்சியது ‘ரைட்’. அதுவும் அவர் வாயில் புழங்கிய வார்த்தைகூட இல்லை, கண்டக்டர்கள் சொல்வது. முப்பத்தோரு வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு அது மட்டும் மண்டைக்குள் தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்றாலும் ரைட், முதுகு எரிகிறது என்றாலும் ரைட், மகள் வந்தால் ரைட், கிளம்பினாலும் ரைட். எந்த ரைட் எதற்கு என்று அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

தெரியாமல் என்ன? அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். குரலை வைத்தே ஆளின் வயதைச் சொல்வாள், பொய்யைச் சொல்வாள். மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுத்துவிட வேண்டும், அது அவளுக்கு மானப் பிரச்சினை. “என்ன எக்ஸ்சேஞ்சு, லைன் பிஸியா?” என்றுதான் டிரைவர் அவளைக் கூப்பிடுவார், கல்யாணமான புதிதிலிருந்து. அப்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வரும். இப்போது அதை ஒரே ஒரு தரம் கேட்க மாட்டோமா என்று இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை டிரிப்பில், ஆறாவது ஸ்டாப்பில் அது நடந்தது. மனுஷன் பஸ்ஸை ஒழுங்காக ஓரங்கட்டினார், ஹேண்ட் பிரேக்கைப் போட்டார், அதற்கப்புறம்தான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். உள்ளே இருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு மட்டும் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் அத்தோடு போயிற்று. மொத்தம் பத்தொன்பது ஸ்டாப் உள்ள ரூட் அது. தினமும் காலை எட்டரை மணி ஆனால் வாசலைப் பார்த்து “ரைட், ரைட்” என்று தவியாய்த் தவிப்பார். தண்ணீர் கொடுத்தால் துப்பிவிடுவார். திருப்பிப் படுக்க வைத்தாலும் அடங்காது. பஸ் நடுவழியில் நிற்கிறது, எடு, எடு என்கிறார் என்று அவளுக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

புரிந்து என்ன செய்ய? மகள் தன் போனில் ரூட்டையே வீடியோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். அதே ஊரில் வேலை பார்க்கிறவள், அப்பா மேல் உயிர். டிரைவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வீடியோ அது பாட்டுக்கு ஓடுகிறது, அவருக்காக எங்கே நிற்கிறது? டாக்டர் வேறு போன மாசம் சோதித்துவிட்டு, “ஹார்ட் ரொம்பக் களைச்சுப் போச்சும்மா. மூணு மாசமோ ஆறு மாசமோ, நான் சொல்றதுக்கில்ல” என்று சொல்லியிருந்தார்.

இதற்கு நடுவில்தான் அவள் படம் வரைய ஆரம்பித்தாள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தினமும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு நர்ஸம்மா வருவாள், குளிப்பாட்ட, கை காலை மடக்கி நீட்ட. கறாரான பெண்மணி. “சுவர் இருந்தாத்தான் சித்திரம். நீங்க வெளிய போய் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க” என்று ஒரு நாள் கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சித்திரம் என்று அவள் சும்மாதான் சொன்னாள். தெருமுனையில் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு மடக்கு ஸ்டூலைப் போட்டு, பழைய தபால் ஆபீஸைப் பார்த்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ரிட்டையர் ஆன கேஸ்கள். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அவருக்குப் பல் வரிசைதான். “நடுவுல ஒரு ஜன்னல் விழுந்திருக்கு பாருங்க” என்பார். வாயில் ஈ போவது தெரியாமல் நின்றவளிடம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, “சும்மா பாக்காதீங்க, போடுங்க” என்றார்.

அவள் காலேஜில் படித்தபோது வகுப்பு மொத்தத்துக்கும் ரெக்கார்டு நோட் வரைந்து கொடுத்தவள். நாற்பது பெண்களுக்கும் நாற்பது தவளை இதயம். அத்தனை இதயத்தையும் சலிக்காமல் போட்ட கை, அதற்கப்புறம் போன் பக்கத்தில் கிடக்கும் துண்டுத் தாளில் சுழி போடுவதோடு சரி. யாரும் அவளைத் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வரையாதே என்று புருஷனும் சொன்னதில்லை, மாமியாரும் சொன்னதில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அது தானே தேய்ந்து போயிற்று. அன்றைக்குத் தபால் ஆபீஸின் படியைப் போட ஆரம்பித்தவள், தூணுக்கு வந்தாள், கூரைக்கு ஏறினாள், நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. நெஞ்சுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான், வேறென்ன? முதலில் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் யோசனை வந்தது. ஸ்டாப் ஸ்டாப்பாக வரைந்து அவர் முன்னால் வைத்தால் என்ன? தாள் நிற்கும். அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் அப்படியே நிற்கும். பத்தொன்பது ஸ்டாப், மூன்று மாசமோ ஆறு மாசமோ. நின்ற டிரிப்பை முடித்துவைத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

முதல் ஸ்டாப்பான பஸ் டிப்போ வாசலை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். பெஞ்சு, கூரை, டைம் போர்டு, காத்திருக்கும் சனம், ஒன்று விடவில்லை. பல் டாக்டரே வாயைப் பிளந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் டிரைவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாவது ஸ்டாப்புக்கும் அதே கதி. தன் கையில்தான் கோளாறு என்று நினைத்து அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கோளாறு கையில் இல்லை. அந்த வாரம் பார்க்க வந்த தம்பி டிரைவர் அதைக் கண்டுபிடித்தான். அவருக்கு அப்புறம் அந்த ரூட்டை ஓட்டுகிறவன், அவரிடம் வேலை கற்றவன். இரண்டு படத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. இது பேசஞ்சர் பாக்குற ஸ்டாப்பு. அண்ணன் என்னிக்காவது பெஞ்சுல உக்காந்து பஸ்ஸுக்குக் காத்திருக்காரா?”

“அப்ப அவருக்கு இது தெரியாதா?”

“எப்படித் தெரியும்? எங்களுக்கு ஸ்டாப்புன்னா மேலேருந்துதான். கூரை மேல எவனோ தூக்கிப் போட்ட ஒத்தச் செருப்பு கெடக்கும், அது தெரியும். கண்ணாடியில உரசுற கிளை தெரியும். ஓடி வர்றவன் தூக்குன கை தெரியும், மூஞ்சி தெரியாது. பெஞ்சு என்ன கலர்னு என்னைக் கேட்டா எனக்கே தெரியாதுக்கா.”

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, புருஷன் எந்த உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தார் என்று தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. மறுநாளே தம்பி டிரைவரின் பஸ்ஸில் ஏறி, என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போகவர இரண்டு டிரிப் பார்த்தாள். குறித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் எதிரே அந்த உயரத்தில் இடம் தேடினாள். ஒரு ஸ்டாப்புக்கு நடைமேம்பாலத்தின் ஏழாவது படி, இன்னொன்றுக்கு ஒரு தையற்கடையின் மாடி வராந்தா. சாலை நடுத்திட்டின் மேல் ஏறி நின்றபோது ஒருவர் வந்து, “எந்த வீட்டைம்மா இடிக்கப் போறீங்க?” என்று பயத்தோடு கேட்டார். கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்துவிட்டார். இன்னொருவர் வந்து, “என்னை அழிச்சிடுங்க தாயே, நான் ஆபீஸ்ல இருக்கறதா வீட்டுல சொல்லியிருக்கேன்” என்று கெஞ்சினார். அவருக்கு அவள் ஒரு மீசையை வைத்து ஆளை மாற்றினாள்.

புதிதாக வரைந்த முதல் ஸ்டாப்பைக் காட்டிய நாளில் நர்ஸம்மாவும் இருந்தாள். கூரை மேல் செருப்பு, கண்ணாடி ஓரத்தில் கிளை, கீழேயிருந்து நீளும் நாலு கை. டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். போர்வைக்குள் இடது கால் மெதுவாக முன்னால் போய்க் கட்டில் சட்டத்தை அழுத்தியது. நர்ஸம்மா பதறி, “வலிப்போ என்னவோ” என்று காலைப் பிடித்தாள். அவள் அப்போதே தம்பி டிரைவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். “கிளட்ச்சுக்கா. நிறுத்தறார்” என்றான்.

கால் அழுத்தியபடியே இருந்தது. ஆட்கள் ஏறி இறங்கும் நேரம் அளவுக்கு இருந்தது. அப்புறம் காலை எடுத்து, தெளிவாக, “ரைட்” என்றார். அடுத்த ஸ்டாப்புக்குப் போகச் சொல்கிறார் என்பதற்கு அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஒன்பது மணிக்கு நர்ஸம்மா செருப்பைக் கழற்றும்போது இவள் மாட்டிக்கொண்டிருப்பாள். பதினொன்றுக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். ஆறாவது ஸ்டாப்பைக் காட்டப் பயந்துகொண்டே காட்டினாள். அவர் காலை அழுத்தினார், ரொம்ப நேரம் அழுத்தினார், பிறகு ரைட் என்றார். காலை எட்டரை மணித் தவிப்பு அன்றோடு பாதியாகக் குறைந்தது. ஏழு, எட்டு, கண் ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி, பாலத்தடி என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது. பதின்மூன்று வந்தபோது அவர் மூச்சு வாங்குவது கூடியிருந்தது. இன்னும் ஆறுதான் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள்.

இன்னொன்றும் கூடவே வளர்ந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வரைவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவருக்காக என்பதையும் தாண்டிப் பிடித்துப்போயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் வழியே சந்தும் பொந்தும் கூப்பிட்டன. வீட்டுக் கதவைத் திறந்து மருந்து வாடைக்குள் நுழையும்போது மனசு ஒரு அடி பின்வாங்கும். உடனே தன்னையே திட்டிக்கொண்டு, அவர் நெற்றியைத் துடைத்துவிடுவாள். துடைக்கும்போதே நாளைக்கு எந்தப் பக்கமிருந்து வெயில் விழும் என்று யோசனை ஓடும்.

பதினாலாவது ஸ்டாப் பழைய தியேட்டர். இப்போது படம் கிடம் கிடையாது, மரச் சாமான் குடோன். எதிர்க் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து வரைந்தாள். கை அன்றைக்கு என்னவோ தண்ணீராக ஓடியது. பத்தே முக்காலுக்கே முடிந்துவிட்டது. அப்போதே பஸ் ஏறியிருந்தால் பதினொன்று பத்துக்கு வீடு. நோட்டை மூடிக்கொண்டு இறங்கியவள், தியேட்டரின் பக்கச் சந்தைக் கடக்கும்போது தலையைத் திருப்பினாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு, தப்பு என்று சொல்வதாக இருந்தால்.

பின்சுவரில் ஒரு இரும்புச் சுழல் படிக்கட்டு. படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமுக்குப் போவதற்காக எந்தக் காலத்திலோ வைத்தது. பாதிப் படி துருப்பிடித்து விழுந்திருந்தது. வெயில் சாய்ந்து விழுந்து, அதன் நிழல் சுவரில் இன்னொரு படிக்கட்டாக ஏறிக்கொண்டிருந்தது. நிழலில் ஒரு படியும் விழவில்லை போல முழுசாகத் தெரிந்தது. எந்த டிரைவரும் எந்த சீட்டிலிருந்தும் இதைப் பார்த்திருக்க முடியாது. அவள் ஸ்டூலை விரித்தாள். மூன்றாவது படியைப் போடும்போது ஏதோ ஒரு விளம்பர போன் வந்தது, கோடு தடுமாறியது. முப்பது வருஷம் மூன்றாவது மணிக்குள் எடுத்தவள், போனின் வாயை அடைத்துப் பையின் அடியில் போட்டாள்.

அப்புறம் படிக்கட்டு மட்டும்தான் இருந்தது. பசி இல்லை, முதுகு வலி இல்லை, வயசு இல்லை. மெல்லிய கோடு வேண்டிய இடத்தில் மெல்லியதாக விழுந்தது, அழுத்தம் வேண்டிய இடத்தில் அழுந்தியது. தண்ணீர்த் தூரிகையால் நிழலை ஒரே இழுப்பில் இழுத்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பல் டாக்டர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் தாளின் மூலையில் எழுத வேண்டும். அவளும் எழுதினாள்: பத்து ஐம்பது முதல் பன்னிரண்டு ஐந்து வரை.

வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. நர்ஸம்மா நாலு தரமும் மகள் ஏழு தரமும் கூப்பிட்டிருந்ததை அவள் அப்புறம்தான் பார்த்தாள். மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

“எங்கம்மா போயிருந்தே?”

“படம் போட்டுட்டிருந்தேன்டி.”

அதற்கு மேல் மகள் கேட்கவில்லை. நர்ஸம்மாதான் சொன்னாள், பதினொன்று இருபத்தைந்து இருக்கும், மூச்சு ஒரு மாதிரி ஆயிற்று, வாசலைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே போய்விட்டார் என்று. ஏதாவது சொன்னாரா என்று அவள் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லையாம்.

எல்லாம் முடிந்தது. வந்த சொந்தபந்தங்கள் ஆளுக்கு ஆள் அவளைக் கொண்டாடினார்கள். “அவருக்காகவே வரைஞ்சிட்டிருக்கும்போது போயிருக்காரு. எந்தப் பொண்டாட்டி செய்வா?” என்றாள் நாத்தனார். தம்பி டிரைவர் பதினாலு படத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். நர்ஸம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்து இல்லை என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே கிடந்தது. அவள் அழவும் இல்லை. கல்லாக உட்கார்ந்திருக்கிறாள், பாவம், அவ்வளவு துக்கம் என்று அதற்கும் அவர்களே ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்.

ஒரு மாசம் கழித்து ஒரு மத்தியானம் மகள் வந்தாள். கட்டிலை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, அறை பெரிதாகக் கிடந்தது. பதினாலையும் ஃபிரேம் போட்டு அந்தச் சுவர் முழுக்க மாட்டலாம் என்று மகளுக்கு ஆசை. நோட்டை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தியேட்டரைத் தாண்டி ஒரு பக்கம் புரட்டியவள் நின்றுவிட்டாள்.

“அம்மா, இது எந்த ஸ்டாப்பு? எல்லாத்துலயும் இதான் பிரமாதமா இருக்கு.”

“அது ஸ்டாப்பு இல்ல.”

“அப்பாவுக்குத் தெரிஞ்ச இடமா?”

“இல்ல. அவர் பாத்திருக்க மாட்டார். நான் பாத்தேன், போட்டேன்.”

மகளின் கண் மூலைக்குப் போனது. அங்கே எழுதியிருந்ததைப் படித்தாள். மறுபடி படித்தாள். சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது.

“நர்ஸம்மா எனக்கு போன் பண்ணப்போ பதினொன்னரை” என்றாள் மகள், மெதுவாக.

“தெரியும்.”

“அப்ப நீ அப்பாவுக்காகப் போட்டுட்டிருந்தேன்னு எல்லாரும்...”

“அவங்க சொல்றாங்க. நான் சொல்லலடி.” அவள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். “அந்த நேரத்துல எனக்கு உங்கப்பா ஞாபகமே இல்ல. எனக்குன்னு ஒரு வீடு இருக்கு, அங்க ஒரு மனுஷன் படுத்திருக்காருன்னே ஞாபகம் இல்ல. ரெண்டு வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் மறந்தேன். அவ்வளவு சந்தோஷமா இருந்தேன். அவர் வாசலைப் பாத்துட்டிருந்தப்போ நான் அங்க சிரிச்சிட்டிருந்தேன்டி.”

 மகள் அந்தப் பக்கத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தாள். அவளுக்கும் கோபம் இருந்தது, அழுகை இருந்தது, அம்மாவின் முகமும் எதிரே இருந்தது.

“இதைக் கிழிச்சிடட்டுமாம்மா? யாரும் பாக்க வேணாம். நானும் பாக்கலன்னு வச்சுக்கறேன்.”

அவள் சட்டென்று கையை நீட்டி மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்டி” என்றாள். “நல்லா வந்திருக்கு.”

அதைச் சொன்ன பிறகுதான், அத்தனை பேர் முன்னாலும் வராத அழுகை வந்தது. நோட்டின் மேலேயே குனிந்து அழுதாள். மகள் ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு, படம் நனையாமல் நோட்டை இன்னொரு கையால் தள்ளி வைத்தாள்.